கொலாஜன் ஷீட்: புண்ணுக்கு வாங்கலாம், அந்தப் பேரில் வரும் கிரீமை விடுங்கள்

டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தால் கொலாஜன் ஷீட்டைத் தாராளமாக வாங்குங்கள். கொலாஜன் என்பது தோலில் இருக்கும் புரதம், அதில் செய்த, புண்ணை மூடும் மெல்லிய படலம்தான் இது. அம்மாவின் முன்கையில் ரசம் கொட்டிக் கொப்புளம் உடைந்த இடத்துக்கு இதைத்தான் போட்டார்கள். பாக்கெட்டுக்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்த நீரில் ஊறிக்கிடக்கிறது, பிரித்ததும் ஸ்பிரிட் வாடை தூக்கும், அலசாமல் புண்ணில் போட்டால் எரிச்சலில் உயிர் போகும். நர்ஸ் சலைனில் நிதானமாக அலசி, பாலாடை மாதிரி இருந்த அதைப் புண்மேல் விரித்து, அடியில் தங்கிய காற்றையும் நீரையும் விரலால் ஓரத்துக்குத் தள்ளி எடுத்தார். காய்ந்ததும் சிக்கென்று ஒட்டிக்கொண்டது. எரிச்சல் அடங்கிவிட்டது என்று அம்மாவே சொன்னார்.

வழக்கமாகப் புண்ணுக்குப் போடும் பாரஃபின் தடவிய வலைத்துணியைவிட விலை நிறையவே அதிகம்தான். ஆனால் கட்டை அடிக்கடி பிரித்துப் பிய்க்கிற வேதனை இல்லை. அடியில் புதுத்தோல் வர வர ஓரம் தானாகக் கிளம்பும், அதை மட்டும் கத்தரித்துவிட வேண்டும், இழுக்கவே கூடாது. சீழ் வைத்த புண்ணுக்கு இது ஆகாது, ஆழமாக வெந்திருந்தால் இது மட்டும் போதாது. நீர் கோத்தாலோ நாற்றம் வந்தாலோ உடனே காட்டிவிடுங்கள்.

பெரும்பாலும் மாடு, மீன் இவற்றிலிருந்து எடுப்பது, சுத்த சைவம் பார்க்கிறவர்கள் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடையாறில் 1948 முதல் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் செருப்புத் தோலோடு நிற்காமல் இந்தக் கொலாஜனை மருத்துவத்துக்குக் கொண்டுவரவும் நிறைய வேலை செய்திருக்கிறது, நம்ம ஊரில் பலருக்கு இது தெரியாது.

அப்புறம் கிரீம். தி.நகரில் ஒரு கடையில் 'சுருக்கம் போகும், உள்ளே இறங்கி வேலை செய்யும்' என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் தங்கை தலையில் கட்டினார்கள். மூன்று இழை முறுக்கிய கொலாஜன் மூலக்கூறு ஏறக்குறைய 3 லட்சம் டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு), மூடிய தோல் வழியாக இறங்குவது பெரும்பாலும் 500 டால்டனுக்குக் கீழே உள்ளவைதான், பிறகு எப்படி உள்ளே போகும்? மேலே படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவே. அதைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும். ஷீட் பலிப்பது தோல் உரிந்த இடத்தில் நேராக உட்காருவதால்.

வாங்கும்போது புண்ணைவிடச் சற்றுப் பெரிய அளவாகக் கேளுங்கள். பாக்கெட் கசிந்து உள்ளே காய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூட்டில் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினாகிவிடும் புரதம் இது, மே மாத வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் போட்டுவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள்.