முதியோர் இல்லத்தில் ஸ்மார்ட் டூத் பிரஷ்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியர் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் இல்லத்தில் ஸ்மார்ட் டூத் பிரஷ்கள், அதாவது கைப்பேசிச் செயலியோடு இணையும் மின்சார பிரஷ்கள், புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வாங்கிய புதிதில் எழுதப்படும் மதிப்புரைகள் பெட்டியைப் பிரித்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகின்றன. பேட்டரி தளர்ந்து, முதலில் ஆர்வம் காட்டிய பணியாளர்கள் மாறிப்போன பிறகும் அந்தக் கருவி பயன்படுகிறதா என்பதை அவற்றிலிருந்து அறிய முடியாது. அந்தக் காலத்தையும் பார்த்துவிட்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த பிரஷ் முதியோர் இல்லத்துக்கு உண்மையாகவே உதவுகிறது. ஆனால் பல் துலக்கப்பட்டதா, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தத்தில் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வாய் சுத்தமாயிற்றா என்பதை ஒருவர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதுமையில் வாய்ச் சுகாதாரம் அழகு சார்ந்த விஷயம் அல்ல என்பதை வெளியில் இருப்பவர்கள் பலர் உணர்வதில்லை. விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு உமிழ்நீரும் உணவும் புரையேறும்போது வாயில் உள்ள கிருமிகளும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களைச் சேர்ந்த 417 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2002இல் வெளியான ஆய்வொன்று, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கும், அந்த உதவி கிடைக்காதவர்களில் 19 சதவீதத்தினருக்கும் நிமோனியா வந்ததாகக் காட்டியது. இதற்கு மேல், ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர்க் கோளாறு ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல வாயை உலர்த்துகின்றன. ஈறு கீழிறங்கி வெளியே தெரியும் பல்வேர், எனாமல் இல்லாததால் விரைவில் சொத்தையாகிறது. முழுப் பல்செட்டோடு வந்தவர்கள் போய், சொந்தப் பற்களோடும் கிரீடம், பாலம் முதலிய பல் மருத்துவ வேலைப்பாடுகளோடும் வருபவர்கள் பெருகிவிட்டதால், துலக்கிவிடும் வேலை முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது.

மின்சார டூத் பிரஷ்ஷின் தொடக்கமே இத்தகையவர்களை மனத்தில் கொண்டதுதான். 1954இல் சுவிட்சர்லாந்தில் உருவான முதல் கருவி, கை இயக்கம் குறைந்த நோயாளிகளையும் பல்லுக்குக் கம்பி கட்டியவர்களையும் நோக்கியே வடிவமைக்கப்பட்டது. இன்றைய ஸ்மார்ட் வகைகளில், தலை இப்படியும் அப்படியும் சுழல்வது ஒன்று, நிமிடத்துக்கு 31,000 அளவில் அதிர்வது இன்னொன்று. இரண்டிலும் 2 நிமிடக் கடிகாரம், 30 விநாடிக்கு ஒருமுறை இடம் மாறச் சொல்லும் இடைநிறுத்தம், அழுத்தம் மிகுந்தால் எரியும் விளக்கு, அசைவை அறியும் உணரிகள், கைப்பேசிச் செயலிக்குத் தகவல் அனுப்பும் ப்ளூடூத் ஆகியவை உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பயன்பாட்டில் சாதாரண பிரஷ்ஷைவிட மின்சார பிரஷ் பற்படலத்தை (பல்லில் ஒட்டிப் படியும் கிருமிப் படிவை) 21 சதவீதமும் ஈறு அழற்சியை 11 சதவீதமும் கூடுதலாகக் குறைத்தது. விற்பனையாளர்கள் அடிக்கடி காட்டும் எண்கள் இவை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் கைத்திறனில் குறையில்லாமல் தாமே துலக்கிக்கொண்டவர்கள். அந்த எண்களை அப்படியே முதியோர் இல்லத்துக்குப் பெயர்த்து எதிர்பார்ப்பது சரியாகாது.

எங்கள் இல்லத்தில் மிகத் தெளிவான பலனைக் கண்டவர்கள், தாமே துலக்கிக்கொள்ள விரும்பியும் கை ஒத்துழைக்காதவர்கள்தாம். விரல் மூட்டுகள் வீங்கிய ஒரு பெரியவருக்கு, சாதாரண பிரஷ்ஷின் மெல்லிய காம்பைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. ஸ்மார்ட் பிரஷ்ஷின் தடித்த கைப்பிடியை அவர் உள்ளங்கையால் பற்றிக்கொண்டார். பல் ஓரமாக வைத்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று முதல் வாரம் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டியிருந்தது, ஏனெனில் ஆயுள் முழுவதும் பழகிய தேய்க்கும் அசைவை அவர் கை விடவில்லை. அவருடைய பற்களில் ஈறை ஒட்டி, அரம் போட்டதுபோல் பள்ளங்கள் இருந்தன. முன்பெல்லாம் பல் மருத்துவர் வரும்போது “ஐயா, இவ்வளவு அழுத்தக் கூடாது” என்று சொல்வார், பெரியவரும் தலையாட்டுவார், மறுநாள் பழையபடியே நடக்கும். சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் அழுத்தம் என்றால் எது என்று அவருக்குக் கண்ணால் தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று, விளக்கு அணையும் அளவுக்குக் கையைத் தளர்த்தி, மீண்டும் சற்று அழுத்தி எரியவிட்டு, திரும்பவும் தளர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சில மாதங்களில் பேஸ்ட் நுரையில் ரத்தம் கலந்து வருவது நின்றுபோனது.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. சாதாரண பிரஷ்ஷைவிட இது பல மடங்கு கனம். மணிக்கட்டு வலுவிழந்தவர்கள் பாதியிலேயே கையைக் கீழே போட்டுவிடுகிறார்கள். முழங்கையை மேசையில் ஊன்றி உட்கார்ந்தபடி துலக்கச் செய்தால் சிலர் சமாளிக்கிறார்கள். கை நடுக்கம் உள்ளவர்களில் சிலருக்கு அந்தக் கனமே கையை ஓரளவு நிலைப்படுத்துகிறது, சிலருக்குச் சோர்வை மட்டும் தருகிறது. ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

அடுத்ததாக, பராமரிப்பாளர் துலக்கிவிடும் நிலையில் உள்ளவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், முதியோர் இல்லத்தின் பெரும்பகுதி வேலை அங்கேதான் இருக்கிறது. செயலி காட்டும் வாயின் வரைபடம், பயனர் நேராக நின்று தன் கையால் துலக்கிக்கொள்கிறார் என்ற அனுமானத்தில் செய்யப்பட்டது. படுக்கையில் சாய்ந்திருப்பவருக்கு எதிரிலோ பின்னாலோ நின்று இன்னொருவர் துலக்கும்போது பிரஷ்ஷின் கோணங்கள் எல்லாம் மாறிவிடுவதால், வலது கீழ்க் கடைவாய்ப் பல்லைத் துலக்கிக்கொண்டிருக்கையில் இடது மேல்வரிசை சுத்தமாவதாகத் திரையில் நிறம் மாறும். தொடக்கத்தில் பணியாளர்கள் திரையைத் திருப்திப்படுத்துவதற்காகக் கோணத்தை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், பார்வை வாயிலிருந்து கைப்பேசிக்குப் போய்விட்டது. அதனால் உதவி பெறுபவர்கள் அனைவருக்கும் வரைபடத்தை விட்டுவிட்டோம். செயலி தரும் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணையும் அவர்கள் விஷயத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அழுத்த விளக்கு இங்கேயும் கைகொடுத்தது. பிறர் வாயில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது துலக்கிவிடுபவருக்கு எளிதில் தெரிவதில்லை. “அம்மா, வலிக்கிறதா?” என்று கேட்டால், பேச முடியாதவர் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. அதை ஒத்துழையாமை என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது வழக்கமாக இருந்தது. விளக்கின் நிறத்தைக் கவனித்துத் துலக்கத் தொடங்கியபின் அப்படி எழுதப்பட்டவர்களில் சிலர் அமைதியாக வாயைத் திறந்தார்கள். இத்தனை காலம் அவர்களுக்கு வலித்திருக்கிறது என்பதை எண்ணும்போது, இந்த ஒரு வசதிக்காகவே கருவிக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

மறதிநோய் முற்றியவர்களுக்கு இந்த பிரஷ்ஷை நான் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டேன். வாய்க்குள் ஏதோ ரீங்கரித்து அதிர்வது அவர்களுக்கு அச்சத்தைத் தருகிறது. செவிக்கருவி அணிந்தவர்களுக்கு அந்த ஒலி இன்னும் தொந்தரவாகிறது. நோயின் தொடக்க நிலையிலேயே பழக்கியவர்களுக்கு மட்டும் பின்னாளிலும் அது ஒத்துப்போகிறது. பழக்கும்போது முதல் சில நாள்கள் இயக்காமலே துலக்க வேண்டும். பிறகு இயங்கும் பிரஷ்ஷின் முதுகுப்புறத்தை அவர் கையின் மேல் வைத்து, கன்னத்தில் வைத்து, உதட்டுக்கு வந்து, அதன் பிறகே பல்லுக்குப் போக வேண்டும். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையின்மேல் நம் கையை வைத்து வழிநடத்தினால், தானே துலக்குகிறோம் என்ற உணர்வு அவருக்கு இருக்கும். எதிர்ப்பு வந்தால் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து வேறொருவர் முயல்வது நல்லது. 2 நிமிடம் முடியவில்லை என்று பிரஷ் கணக்கெழுதினாலும் அதற்காக ஒரு முதியவரை வற்புறுத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதிர்வு நுரையைப் பெருக்கும், பெருகும் நுரை தொண்டைக்குள் இறங்கும். நுரைக்காத பேஸ்ட்டை மிகக் குறைவாகத் தடவி, நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, ஒவ்வொரு பகுதியாகத் துலக்கி இடையிடையே துடைத்தெடுக்க வேண்டும். மிகவும் சிரமப்படுபவர்களுக்கு உறிஞ்சு குழாய் இணைந்த எளிய பிரஷ்தான் பாதுகாப்பானது. நுரைக்காத பேஸ்ட் உலர்ந்த வாய்க்கும் எரிச்சல் தருவதில்லை. வேர்ச்சொத்தை உள்ளவர்களுக்குப் பல் மருத்துவர் 5,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5,000 பங்கு) ஃபுளோரைடு பேஸ்ட் எழுதிக்கொடுக்கிறார். அது பல்லில் தங்குவதற்காக, கொப்பளிக்காமல் துப்பிவிட்டால் போதும் என்ற பழக்கத்தைக் கொண்டுவருவதற்குக் கருவியைப் பழக்கியதைவிட அதிக காலம் பிடித்தது.

பிரஷ்கள் சேகரித்த தகவலில் நாங்கள் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. காலையில் ஏறக்குறைய எல்லோருக்கும் பல் துலக்கப்பட்டிருந்தது, இரவில் ஒரே பகுதி அறைகளில் திரும்பத் திரும்ப வெற்றிடம் இருந்தது. தாளில் எழுதும் பதிவேட்டில் இரண்டு வேளையும் சரியாகவே குறிக்கப்பட்டிருந்தன. விசாரித்ததில், படுக்கைக்குப் போகும் நேரமும், மருந்து கொடுக்கும் நேரமும், ஷிப்ட் மாறும் நேரமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது தெரியவந்தது. ஒருவர் செய்திருப்பார் என்று இன்னொருவர் நம்பிக் குறித்திருக்கிறார். யாரையும் கண்டிக்காமல், படுக்கைக்குப் போவதற்கு முன் என்றிருந்ததை இரவு உணவு முடிந்தவுடன் என்று மாற்றினோம். உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு குறைவதால் இரவுத் துலக்கல் காலையைவிட முக்கியமானது. இந்த மாற்றம் ஒன்றே பிரஷ் வாங்கிய செலவுக்கு ஈடானது என்று கருதுகிறேன். அதே நேரத்தில், இந்தத் தகவலைப் பணியாளரை வேவு பார்க்கும் கருவியாக்கும் இல்லத்தில், யாருடைய வாயிலும் வைக்காமல் பிரஷ்ஷை 2 நிமிடம் ஓடவிடுவது மிக எளிது என்பதை நிர்வாகத்தினர் நினைவில் வைக்க வேண்டும்.

செயலியை அமைப்பதுதான் அலுப்பூட்டும் வேலை. ஒரு கைப்பேசி, ஒரு கணக்கு, ஒரு பயனர் என்ற குடும்பக் கணக்கில் செய்யப்பட்டிருப்பதால், பல பிரஷ்களை ஒரே டேப்லெட்டில் கையாள்வது சிக்கலாகவே இருக்கிறது. பிரஷ் தன்னுள் சேமித்துவைக்கும் பதிவுகளுக்கு வரம்பு உண்டு, குறித்த இடைவெளியில் செயலியோடு இணைக்காவிட்டால் பழையவை அழிந்துபோகும். உடல்நலம் சார்ந்த தகவல் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போவதால், முதியவரிடமோ அவர் சார்பில் முடிவெடுக்கும் உறவினரிடமோ எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறுகிறோம். வேண்டாம் என்றவர்களுக்கு ப்ளூடூத்தை அணைத்துவிட்டுக் கொடுக்கிறோம், கடிகாரமும் விளக்கும் அதில்லாமலே இயங்கும்.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தலையைக் கழற்றினால் உலோகத் தண்டைச் சுற்றி கறுப்பாக ஒரு பிசுக்குப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். தினமும் தலையைக் கழற்றிக் கழுவிக் காயவைக்காத வீடுகளிலும் இல்லங்களிலும் இது கட்டாயம் இருக்கும். கைப்பிடியிலும் தலையிலும் பெயர் ஒட்ட வேண்டும், தலைகளோடு வரும் நிற வளையங்களை மட்டும் நம்பக் கூடாது. கைப்பிடியைப் பொதுவாக வைத்துத் தலையை மட்டும் மாற்றிக்கொள்ளும் சிக்கனத்தை நாங்கள் அனுமதிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலை மாற்றும் செலவு, சில ஆண்டுகளில் கைப்பிடியின் விலையை மிஞ்சிவிடும் என்பதை வாங்கும்போதே கணக்கில் கொள்ள வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு மருத்துவரைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். பல்செட்டை இதனால் துலக்கக் கூடாது. அதைக் கழற்றி மென்மையான சோப்பும் தனி பிரஷ்ஷும் கொண்டு கழுவி, இரவில் வாயில் வைக்காமல் விட வேண்டும்.

வாயின் நிலையை அறிய நாங்கள் நம்புவது 2005இல் ஆஸ்திரேலியாவில் வெளியான வாய்நல மதிப்பீட்டுப் படிவத்தை. உதடு, நாக்கு, ஈறும் வாயின் உள்திசுவும், உமிழ்நீர், இயற்கைப் பற்கள், பல்செட், சுத்தம், வலி என்ற எட்டையும் 0 முதல் 2 வரை மதிப்பிட வேண்டும், பல் மருத்துவர் அல்லாதவரும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். செயலியில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒரு மூதாட்டியின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் உணவு ஒதுங்கிக் கிடந்ததை இந்தப் படிவத்தோடு உட்கார்ந்தபோதுதான் கண்டோம். பக்கவாதத்தால் அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருந்ததால் அவருக்கே அது தெரியவில்லை, பிரஷ்ஷும் அந்த இடத்துக்குப் போகும்படி செய்யப்பட்டது அல்ல.

இப்போது புதிதாக வாங்கும்போது, தாமே துலக்கிக்கொள்பவர்களுக்கும் லேசான மறதி உள்ளவர்களுக்கும் மட்டும் செயலியோடு கூடிய வகையை எடுக்கிறோம். பிறர் உதவி பெறுபவர்களுக்குச் செயலி இல்லாத, ஆனால் அழுத்த விளக்கும் கடிகாரமும் உள்ள, சிறிய தலை கொண்ட, விலை குறைந்த மின்சார பிரஷ் போதுமானதாக இருக்கிறது. விளக்கு கைப்பிடியின் அடியில் இல்லாமல் கழுத்தைச் சுற்றி எரிகிறதா, ஒரே பொத்தானில் இயங்குகிறதா, ஈரக் கையிலும் வழுக்காமல் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தைப் பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ இல்லத்துக்கு வந்து பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதற்கு ஒதுக்குமாறு எங்கள் நிர்வாகத்திடம் கேட்டோம், அவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.