கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம்: இலவச வைத்தியத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் இருப்பவர்கள் மனநல வைத்தியத்துக்கு வட்டிக்கு வாங்கும் முன், மேடவாக்கம் டேங்க் ரோட்டில் உள்ள அரசு மனநலக் காப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள். புறநோயாளிக்கு டாக்டரும் மாத்திரையும் இலவசம். காசு கரைவது ஆட்டோவிலும், கூட வருபவரின் அன்றாடக் கூலியிலும்தான். ஆகவே அலைச்சலைக் குறையுங்கள்: காலையிலேயே போங்கள், பழைய சீட்டும் காலி மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும்.

லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான மாத்திரை) சாப்பிடுபவர்கள், ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். மறுபடி வரணும், இன்னொரு நாள் கூலி போச்சு. மன அழுத்த மாத்திரை வேலை செய்யவே 2 முதல் 4 வாரம் ஆகும். பாதியில் நிறுத்தாதீர்கள், அதுதான் பெரிய நஷ்டம். இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், காசில்லை.