குசினேர் கட்டைகள்: கணக்கு வகுப்புக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஆனால் ஒரே பெட்டியை வைத்து மொத்த வகுப்பையும் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சண்டைதான் மிஞ்சும். கணக்கு சொல்லித்தர பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் உருவாக்கிய வண்ணக் கட்டைகள் இவை. 10 நிறம், 10 நீளம். வெள்ளை 1 செ.மீ., சிவப்பு 2, இப்படியே போய் ஆரஞ்சு 10 செ.மீ. கட்டையில் எண்ணும் இருக்காது, கோடும் இருக்காது. அதுதான் இதன் பலமே.

ஆரஞ்சுக் கட்டையை மேசையில் வைத்து, இதே நீளத்துக்கு இரண்டு கட்டை சேருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும், மஞ்சளும் மஞ்சளும், கறுப்பும் வெளிர்பச்சையும், நீலமும் வெள்ளையும் என்று ஆளாளுக்கு ஒன்றை அடுக்கிவிட்டு "டீச்சர், இதுவும் வருது!" என்று கத்துவார்கள். 5+5, 7+3, 9+1 எல்லாம் பலகையில் எழுதாமலே வந்தாயிற்று. அப்புறம் பின்னம். ஆரஞ்சை முழுசாக வைத்தால் மஞ்சள் பாதி, கரும்பச்சையை முழுசாக வைத்தால் வெளிர்பச்சை பாதி. எதில் பாதி என்று கேட்கவேண்டும் என்பது அவர்களுக்கே பிடிபட்டுவிடுகிறது, எவ்வளவு விளக்கினாலும் வாயால் இதைப் புரியவைக்க முடியாது.

கட்டையைக் கொடுத்த முதல் நாளே பாடம் நடத்தப் பார்க்காதீர்கள். கோபுரமும் ரயிலும் கட்டி ஆசை தீர்ந்த பிறகுதான் நம் பேச்சு காதில் விழும்.

குறை என்றால், வெள்ளைக் கட்டை நிற்காமல் தொலைந்துகொண்டே இருக்கும், கூடுதலாக வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக்கில் வாங்கினால் சத்தம் தாங்காது, மேசையில் ஒரு துணி விரித்துவிட்டால் சரி.