பெப்டைட் மாவும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும்

குளிரும் மழையும் விலகாத நுவரெலியா, தலவாக்கலைப் பகுதிகளில், வைரஸ் காய்ச்சலுக்கு எதிர்ப்புச் சக்தி கூடும் என்ற பேச்சை நம்பிப் பெப்டைட் மாவு வாங்குவதா, இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட்டுக்கொள்வதா என்று கேட்பவர்கள், இரண்டும் உடலுக்குள் செய்யும் வேலையை முதலில் பார்க்க வேண்டும்.

பெப்டைட் என்பது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி. மாவாக விற்கப்படும் கொலாஜன் (தோலிலும் எலும்பிலும் உள்ள புரதம்) பெப்டைட், வாய்வழியாக உட்கொள்ளும்போது, இரைப்பையின் பெப்சின் என்னும் நொதியத்தாலும் சிறுகுடலின் நொதியங்களாலும் பெரும்பாலும் உடைக்கப்பட்ட பின்னரே இரத்தத்தில் சேர்வதால், பருப்பும் நெத்தலியும் முட்டையும் தரும் புரதத்திலிருந்து அது பெரிதாக வேறுபடுவதில்லை. 28 அமினோ அமிலங்களைக் கொண்ட தைமோசின் அல்ஃபா 1 என்னும் பெப்டைட், சில நாடுகளில் ஹெபடைடிஸ் பி என்னும் ஈரல் நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது உண்மைதான். ஆனால் அது தோலடியில் ஏற்றப்படும் ஊசி மருந்து, கரண்டியால் கலக்கிக் குடிக்கும் மாவன்று. அந்த ஊசி மருந்தின் பெயரைச் சொல்லி மாவை விற்பது, என் பார்வையில், ஆள்மாறாட்டமே.

தடுப்பூசியோ குறிப்பிட்ட வைரஸை உடலுக்கு அடையாளம் காட்டி, ஏறத்தாழ 2 வாரங்களில் அதை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை உருவாக்கச் செய்கிறது. வைரஸ் உருமாறுவதால் அதை ஆண்டுதோறும் போட வேண்டும். சாதாரணத் தடிமனை அது தடுக்காது. எனினும் முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடும் பாதிப்பைக் குறைப்பதில், பெப்டைட் மாவுக்கு இல்லாத சான்று அதற்கு உண்டு. கையிலுள்ள நாட்சம்பளம் ஒன்றுக்கே போதுமெனில், நான் ஊசியையே தெரிவு செய்வேன். மிச்சக் காசுக்குப் புரதம் தரும் கௌபி வாங்கலாம்.