வைனா, விர்ச்சுவல்பாக்ஸா?

சிராங்கூன் ரோட்டில் கடை வைத்திருக்கும் மாமாவின் பழைய விண்டோஸ் பில்லிங் மென்பொருளை லினக்ஸ் இயங்குதளத்தில் ஓட்ட வைன், விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களையும் முயன்றேன். கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல்பாக்ஸில் முழு விண்டோஸே உள்ளே ஓடுவதால் பெரும்பாலும் சிக்கலில்லை, ஆனால் 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு அது பெரிய சுமை, விண்டோஸ் உரிமமும் தனியாக வேண்டும். 1993-இல் தொடங்கிய வைன் அப்படியில்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்கும் வேலைகளை (அழைப்புகளை) லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது, அதனால் வேகம். ஆனால் எது ஓடும், எது படுத்துக்கொள்ளும் என்பது தன்னார்வலர்கள் சோதித்து வைனின் AppDB தளத்தில் பிளாட்டினம் (நன்றாக ஓடும்) முதல் கார்பேஜ் (ஓடவே ஓடாது) வரை போடும் தரத்தைப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும், அதிலும் எந்த வைன் பதிப்பில் சோதித்தார்கள் என்று கவனிக்காமல் நம்பினால் அவ்வளவுதான். எனக்கு ரசீதில் தமிழ் கட்டங்கட்டமாக வந்தது. எழுத்துரு போட்டதும் சரி, அதையும் ஓர் அறிக்கையாக எழுதி அந்தத் தளத்துக்கு அனுப்பினேன். மாமா கடைக்கு வைன்தான்.