பத்து வயது முடிந்த பிள்ளைக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு: எங்கள் வீட்டு அனுபவம்

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு. பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று என் கடைக்கு வரும் அம்மாக்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒன்றரை வருடமாக மகள் தானே நடத்தும் அஞ்சலகக் கணக்கைப் பற்றி அவர்களிடம் வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் மகளைப் பிள்ளைகளுக்கான ஒரு தொழில்முனைவோர் வகுப்பில் சேர்த்தேன். எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாள், 3,500 ரூபாய். திரையில் படம் காட்டினார்கள், பங்குச் சந்தை, பிராண்ட், முதலீடு என்றெல்லாம் பேசினார்கள், கடைசியில் 'இளம் தொழில்முனைவோர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த மகளிடம், "நூறு ரூபாய்க்குப் பொருள் வாங்கி, நூற்றிருபதுக்கு விற்று, ஆட்டோவுக்கு முப்பது கொடுத்தால் கையில் என்ன நிற்கும்?" என்று கேட்டேன். இருபது என்றாள். ஆட்டோ காசை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எனக்கு மனது கேட்கவில்லை.

நான் படித்த காலத்தில் பள்ளியில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம் இருந்தது. வாரம் ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ டீச்சரிடம் கொடுத்தால் அட்டையில் எழுதித் தருவார். நானாகக் கொடுத்து, நானாகக் கூட்டிப் பார்த்த பணம் அது. அந்த நினைப்பில்தான் 2024 ஜூன் முதல் வாரம் மகளை அஞ்சலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

பத்து வயது முடிந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் போடலாம், எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். மகளின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், புகைப்படம், என் ஆதார், பான் அட்டை எல்லாம் எடுத்துப் போனோம். படிவத்தை அவளையே நிரப்பச் சொன்னேன். நேரமானது, ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

கணக்கில் போடப் பணம் வேண்டுமே. என் கடையில் ஜாக்கெட் வெட்டிய மிச்சத் துணி மூட்டையாகக் கிடக்கும். அதில் தலைமுடிக்குப் போடும் ஸ்க்ரஞ்சி தைக்கப் பழகினாள். ஒன்று 20 ரூபாய். பள்ளித் தோழிகளும் என் வாடிக்கையாளர்களும் வாங்கினார்கள். முதல் மாதம் எலாஸ்டிக், நூல் இரண்டை மட்டும் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் லாபம் என்றாள். துணிக்கு ஒன்றுக்கு ஒரு ரூபாய் எனக்குக் கொடு என்றேன். "குப்பைக்குப் போற துணிதானே அம்மா?" என்று சண்டைக்கு வந்தாள். அந்தத் துணியைத் தலையணைக்கு அடைக்க வாங்கிப்போகிறவரைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை, நோட்டில் 'துணி' என்று தனியாக ஒரு வரிசை போட்டுவிட்டாள். 'என் கூலி' என்று இன்னொரு வரிசை பிறகு வந்தது. மணிக்கு ஆறு தைக்கிறாள். தன் நேரத்துக்கும் விலை உண்டு என்று அவள் எழுதிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஜூலையில் 600 ரூபாய் சேர்ந்தது. 13ஆம் தேதி சனிக்கிழமை போய்க் கட்டினாள். அந்தக் கணக்கில் 10ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருக்கும் தொகையில் எது மிகக் குறைவோ அதற்குத்தான் அந்த மாத வட்டி. அதாவது 13ஆம் தேதி போட்ட 600க்கு ஜூலையில் வட்டி கிடையாது. விதியைப் படித்துவிட்டு அவளே கணக்குப் போட்டாள்: 600க்கு 4 சதவீதம் வருடத்துக்கு 24, மாதத்துக்கு 2. "மூணு நாள் லேட், ரெண்டு ரூபாய் போச்சு" என்றாள். ஆகஸ்டிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமைதான் போகிறோம். நான் நினைவுபடுத்துவதில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு அவள்தான் நிற்பாள்.

ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் 300 கட்டினாள். 2025 மார்ச்சில் 3,500 ரூபாய். வட்டி வருடம் ஒருமுறை, நிதியாண்டு முடிவில்தான் வரவாகும். ஏப்ரலில் பாஸ்புக் பதியக் கொடுத்தபோது எழுபது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஒரு வரி விழுந்திருந்தது. மாதாமாதம் பாக்கியை எழுதி, கூட்டி, வகுத்து, அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிட வந்தாள்.

மே மாதம் மொத்தமாக எலாஸ்டிக் வாங்க ஆயிரம் எடுக்கப் போனோம். பணம் எடுக்கும் படிவத்தில், தொகையை எழுத்தால் எழுதும் இடத்தில் 'ரூபாய் ஆயிரம்' என்று நிறுத்தினாள். 'மட்டும்' என்று சேர்க்கச் சொன்னேன். ஏன் என்றாள். பின்னால் யாரும் ஒரு சொல் சேர்த்துவிடாமல் இருக்க என்றேன். அப்புறம் கையெழுத்து. ஒரு வருடத்தில் புதிதாக வளைத்துப் போடப் பழகியிருந்தாள். கவுண்டரில் இருந்த அம்மா, கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்தைக் காட்டி, "பாப்பா, எங்களுக்குத் தெரிஞ்ச நீ இதுதான்" என்றார். பழையபடி போட்டுப் பணம் வாங்கினாள். அந்தப் பொறுமைக்கு அந்த அம்மாவுக்கு நன்றி.

குறைகளும் உண்டு. வட்டி 2011 டிசம்பரிலிருந்து 4 சதவீதம்தான். விலைவாசிக்கு இது ஈடு கொடுக்காது. இதை மகளே கேட்டாள். அதனால் மாதம் 200 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு) தொடங்கினோம். இப்போது 6.7 சதவீதம், ஐந்து வருடம். 12,000 கட்டினால் 14,200க்கு மேல் வரும், அவள் கல்லூரி சேரும் வயதில். ஒரு மாதம் தவறினால் 100க்கு 1 ரூபாய் அபராதம் என்பதால் முதலில் ஆர்.டி., பிறகுதான் சேமிப்பு என்று வைத்திருக்கிறாள். கவுண்டர் நேரமும் பள்ளி நேரமும் ஒன்றாக இருப்பதால் சனிக்கிழமையை விட்டால் வழியில்லை. கணக்கில் 500க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிதியாண்டு முடிவில் குறைந்திருந்தால் 50 ரூபாய் பிடிப்பார்கள். 18 வயதானதும் புதிதாகப் படிவமும் ஆவணங்களும் கொடுக்க வேண்டும்.

2025 ஜூலை முதல் வங்கிகளிலும் பத்து வயது முடிந்தவர்கள் தாங்களே கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி வழிவிட்டிருக்கிறது. வங்கி பக்கத்தில் இருப்பவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு அஞ்சலகம் நடக்கிற தூரம், பாஸ்புக் அவள் கையில் இருக்கிறது, அதனால் மாற்றவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: நீங்களே பணத்தைக் கொடுத்து, நீங்களே போய்க் கட்டிவிட்டு வராதீர்கள். பத்து ரூபாயானாலும் பிள்ளை சம்பாதித்ததாக, பிள்ளை கட்டியதாக இருக்கட்டும்.

இளையவனுக்குத் தை மாதம் பத்து வயது முடிகிறது. பழைய நோட்டின் பின்பக்கம் முழுக்கக் கையெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறான். எந்தக் கையெழுத்து என்று முடிவு செய்த பிறகுதான் படிவம் வாங்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.