பாத்தியைத் தோண்டும் நரி: கம்பி வலை, ஸ்கூட், தண்ணீர் பீய்ச்சி, அல்ட்ராசோனிக் பெட்டி - எதை வாங்கலாம்?

பிரிட்டனில் அலாட்மென்ட் (காய்கறி பயிரிடக் குத்தகைக்குக் கிடைக்கும் சிறு துண்டு நிலம்) வைத்திருப்பவர்கள் நரித் தொல்லைக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கப் போகிறார்கள் என்றால், அது கால்வனைஸ் செய்த வெல்டெட் மெஷ் கம்பிச் சுருளாக இருக்கட்டும். பேட்டரியில் ஓடும் பெட்டிகளும் மினுக்கும் விளக்குகளும் அலமாரியில் கவர்ச்சியாக நிற்கும். ஆனால் மின்சாரம் இல்லாத, குளிர்காலத்தில் தண்ணீரும் நிறுத்தப்படுகிற ஒரு துண்டு நிலத்தில், விதைத்த பாத்தியை ஒவ்வோர் இரவும் தவறாமல் காப்பது கம்பிதான். மற்றவை எந்த இடத்தில் உதவும், எங்கே காசு வீணாகும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஷெட்டைத் திறந்து உரப்பையைப் பாருங்கள். எலும்புத் தூள், உலர்ந்த ரத்தம், அல்லது மீன், ரத்தம், எலும்பு மூன்றும் கலந்த உரம் போட்ட மண், நரியின் மூக்குக்குப் புதைத்து வைத்த இறைச்சியைப் போலத்தான் மணக்கும். தானே புதைத்த இரையைத் திரும்பத் தோண்டியெடுக்கும் வழக்கமுள்ள விலங்கு அது. கிடைக்கும்வரை தோண்டும், கிடைக்காததால் இன்னும் ஆழமாகத் தோண்டும். நட்ட மறுநாளே பூண்டும் வெங்காயக் குமிழும் மண்மேல் சிதறிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நரிக்குப் பூண்டு தேவையில்லை. அதன் அடியில் போட்ட எலும்புத் தூள்தான் தேவை. கோழி எரு உருண்டைகளும் இதே வேலையைச் செய்யும்.

இந்த உரங்களை நிறுத்தாமல் விரட்டி வாங்குவதில் பயனில்லை. மாற்றாக குரோமோர் போடலாம். தழை, மணி, சாம்பல் மூன்றும் 7-7-7 என்ற அளவில் உள்ள தாது உரம் அது. நரியை இழுக்கும் வாசனை இல்லை. செயற்கை உரம் வேண்டாம் என்பவர்கள் நன்றாக மக்கிய தோட்டக் கம்போஸ்டை மேலே பரப்பி, தழைச்சத்துக்கு அவரை, பட்டாணி வேர்களைப் பிடுங்காமல் மண்ணிலேயே விட்டுவிடலாம். ஏற்கெனவே எலும்புத் தூள் போட்டாயிற்றா? மேலே தூவாமல் நன்றாகக் கிளறிக் கலந்து, தண்ணீர் ஊற்றி, வாசனை போகும்வரை சில வாரங்களுக்கு வலையால் மூடி வையுங்கள்.

தோண்டுவது நரிதானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈர மண்ணில் நரியின் காலடி நான்கு விரல்களோடு குறுகலாக, வைர வடிவில் பதியும். பாட்ஜர் (வளை தோண்டி வாழும் வளைக்கரடி) என்றால் ஐந்து விரல்கள், அகன்ற பாதம், நீண்ட நகக் கோடுகள். பாட்ஜர் சிறு குழிகளில் மலம் கழித்து அதை மூடாமல் விடும். நரியோ முறுக்கிய, முனை கூரான மலத்தை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், பாத்தியின் பலகை மேல், கழற்றி வைத்த கையுறை மேல்கூட வைத்துவிட்டுப் போகும். பூனை மிருதுவான விதைப் பாத்தியைத் தேர்ந்தெடுத்துக் கழித்ததை மூடும். இதைத் தெரிந்துகொள்வது பணத்துக்காக மட்டுமல்ல: 1992-ஆம் ஆண்டின் பாட்ஜர் பாதுகாப்புச் சட்டப்படி அதன் வளையில் கை வைப்பதே குற்றம். வலிமையிலும் அது நரியைவிடப் பெரியது. இங்கே பரிந்துரைக்கும் வலையைக்கூடப் புரட்டிவிடும்.

இனி கம்பி வலை. கடையில் கேட்கும்போது வெறும் 'கோழி வலை' என்று கேட்காதீர்கள். அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை மெல்லிய கம்பியை முறுக்கிச் செய்தது. நரி கடித்தும் இழுத்தும் ஓட்டை போட்டுவிடும், இரண்டே குளிர்காலத்தில் துருவும் பிடிக்கும். வேண்டியது சந்திப்புகளில் பற்றவைத்த சதுரக் கண் வலை: கண் 25 மி.மீ., கம்பி 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. தடிமன். 19 கேஜ் வலை 1 மி.மீ.தான், விலை குறைவு, வளைப்பது எளிது, தரையில் விரிக்க மட்டுமானால் அதுவே போதும். வேலிக்கும் ஷெட்டின் அடிப்பக்கத்துக்கும் 16 கேஜுக்குக் கீழே போக வேண்டாம். 50 மி.மீ. கண் பாத்தி மேல் போடச் சரிவராது: நரியின் கால் உள்ளே போகும், சிக்கவும் கூடும். 90 செ.மீ. அகலச் சுருள் வாங்கினால், 1.2 மீட்டர் அகலப் பாத்திக்கு இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரிக்க வேண்டியிருக்கும். 1.2 மீட்டர் அகலத்தில் கிடைத்தால் அதையே எடுங்கள்.

விரிக்கும் முறை எளிது, ஆனால் ஓரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். விதைத்து, மண்ணை லேசாக அமுக்கி, தண்ணீர் ஊற்றிய பிறகு வலையை மண்ணோடு ஒட்டிப் படுக்கையாக விரியுங்கள். நான்கு பக்கமும் விதை வரிசைக்கு அப்பால் 20 செ.மீ. நீள வேண்டும். ஓரம் நெடுக 30 செ.மீ.க்கு ஒன்றாக 15 செ.மீ. நீள யூ வடிவ முளைகளை அடியுங்கள். சுருளிலிருந்து பிரித்த வலை தானாகவே மேலே சுருளப் பார்க்கும். அதை எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டி விட்டால் படியும். வெட்டிய முனைகள் ஊசிபோல் நிற்கும், ஆகவே பிளையரால் ஒவ்வொன்றையும் கீழ்நோக்கி மடக்குங்கள். அது உங்கள் விரலுக்கும் நரியின் பாதத்துக்கும் நல்லது. ஓர் ஓரம் தளர்ந்திருந்தால் போதும், நரி மூக்கை நுழைத்து முழு வலையையும் தூக்கிவிடும்.

கேரட், பீட்ரூட், கீரை போன்றவற்றில் நாற்று வலைக்கண்ணைத் தாண்டி 3, 4 செ.மீ. வளரும்போதே வலையை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் இலை விரிந்து கம்பியில் மாட்டி, வலையோடு செடியும் வரும். இந்த வலையின் உண்மையான குறை இதுதான். வாரம் ஒருமுறை மட்டும் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மே மாதத்தில் இது சிக்கலாகும். அவர்கள் வலையைப் படுக்கையாக விரிக்காமல், 38 மி.மீ. மரச்சட்டத்தில் அறைந்து, பாத்தியின் பலகைமேல் மூடிபோல வைத்துவிடலாம். 20 செ.மீ. உயரம் கிடைத்தால் செடி வேரூன்றி உறுதியாகும்வரை கவலையில்லை. செலவு கூடும், ஆனால் மூடி பல ஆண்டுகள் உழைக்கும். பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் படுக்கை வலையே போதும்: நேராக மேலே வருகிற தளிர் 25 மி.மீ. கண்ணுக்குள் எளிதாக நுழையும். வேர் பிடித்ததும் வலையை எடுங்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைக்க வேண்டியிருப்பதால் தளிர் தெரியும்வரை மட்டுமே வலை.

மென்மையான பிளாஸ்டிக் வலையை நரிக்காக ஒருபோதும் வாங்காதீர்கள். தளர்வாகத் தொங்கும் பழவலையிலும் அவரை வலையிலும் நரிக்குட்டிகளும் முள்ளெலிகளும் கழுத்தும் காலும் சிக்கி, விடுபடத் திமிறித் திமிறியே சாகின்றன. பறவைக்காகப் போட்டாக வேண்டும் என்றால் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள், தரையிலிருந்து ஓரத்தைச் சுருட்டி உயர்த்தி வையுங்கள், பருவம் முடிந்ததும் கழற்றி ஷெட்டுக்குள் போடுங்கள்.

இரண்டாவதாக வாங்கத்தக்கது ஸ்கூட். பொட்டலத்தில் வரும் வெள்ளைத் தூள் இது. தண்ணீரில் கரைத்துப் பூவாளியாலோ தெளிப்பானாலோ அடிக்க வேண்டும். இதன் செயல்பொருள் அலுமினியம் அம்மோனியம் சல்ஃபேட், அதாவது படிகார வகையைச் சேர்ந்த உப்பு. துவர்ப்பான சுவையும் நரிக்கு ஒவ்வாத வாசனையும்தான் இதன் வேலை, விஷமாகக் கொல்வதற்கல்ல. வீட்டுப் படிகாரத்தைக் கரைத்து ஊற்றலாமே என்று தோன்றும். கூடாது. பிரிட்டனில் விலங்கு விரட்டியாக எதைப் பயன்படுத்தினாலும் அது அதற்கென அனுமதிக்கப்பட்ட பொருளாக, லேபிளில் சொன்ன முறையில் இருக்க வேண்டும்.

ஸ்கூட்டைப் பாத்தி முழுதும் தெளிப்பவர்கள் பொட்டலத்தை வீணாக்குகிறார்கள். நரி வந்து போகும் இடங்களுக்கு அடியுங்கள்: வேலியில் நுழையும் இடுக்கு, மலம் வைத்த பலகை, தோண்டிய குழி, அதைச் சுற்றி அரை மீட்டர். அங்கேதான் நரி தன் வாசனையைப் புதுப்பிக்க வரும். மலத்தைச் சிறு மண்வெட்டியால் அள்ளிவிட்டு உடனே தெளிப்பது முக்கியம். மாலையில், மழை எதிர்பார்க்காத நாளில் அடித்தால் உலர நேரம் கிடைக்கும். முதல் சில இரவுகளில் நரி முன்பைவிட அதிகமாக வந்து அடையாளம் வைப்பதுண்டு. தன் எல்லையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அது செய்கிற காரியம். பலரும் 'வேலை செய்யவில்லை' என்று அந்தக் கட்டத்தில்தான் கைவிடுகிறார்கள். குறைந்தது இரண்டு வாரம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடியும் தெளித்தால்தான் பலன் தெரியும். பறித்து உண்ணும் இலை, காய் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மழை பெய்யும் நவம்பரில் இதை நம்பியிருக்க முடியாது. கோடையில், வலை போட முடியாத பூசணிப் பாத்தியைச் சுற்றி இது நன்றாகவே உதவுகிறது.

அசைவைக் கண்டதும் தண்ணீர் பீய்ச்சும் கருவியைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு உண்டு. வீட்டுத் தோட்டத்தில் அது நியாயமானது: பேட்டரியில் ஓடும் பிஐஆர் சென்சார் வெப்பமான உடலின் நகர்வைக் கண்டு வால்வைத் திறக்கிறது, திடீர் ஓசையும் தண்ணீரும் சேர்ந்து நரியை ஓட வைக்கின்றன, யாருக்கும் காயமில்லை. அலாட்மென்ட்டில் மூன்று தடைகள். முதலாவது அழுத்தம். குழாயில் மெயின் தண்ணீர் வந்தால்தான் இது பீய்ச்சும். மழைநீர்த் தொட்டியை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்தாலும் கிடைப்பது சுமார் 0.1 பார் அழுத்தம்தான். வால்வு திறந்தாலும் தண்ணீர் சொட்டும், அவ்வளவே. இரண்டாவது, பல தளங்களில் குழாயே இல்லை, பொதுத் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கும். குழாய் இருந்தாலும் ஆளில்லாமல் ஹோஸ் மாட்டி வைக்கக் குத்தகை விதிகள் அனுமதிக்காமல் போகலாம். வாங்கும் முன் தளச் செயலாளரிடம் கேளுங்கள். மூன்றாவது குளிர்காலம். தண்ணீர் நிறுத்தப்படும் மாதங்களில் கருவி வெறும் கம்பமாக நிற்கும். உள்ளே தண்ணீர் தங்கிய வால்வு ஒரு கடும் உறைபனியிலேயே வெடித்துவிடும்.

உங்கள் தளத்தில் இவை எல்லாம் சரி என்றால் தயங்காமல் வாங்குங்கள், ஆனால் பொருத்துவதில் கவனம் வேண்டும். நரியின் தோள் உயரம் 35 முதல் 40 செ.மீ., ஆகவே சென்சாரும் அந்த உயரத்தில் இருக்கட்டும். பிஐஆர் குறுக்கே கடப்பதை நன்றாகக் காணும், நேராக எதிரே வருவதைத் தாமதமாகவே காணும். நரி வரும் பாதைக்குப் பக்கவாட்டில் நடுங்கள். எதிரே வெயிலில் ஆடும் ரூபார்ப் இலையோ சோளமோ இருந்தால் பகலெல்லாம் வீணாகப் பீய்ச்சி பேட்டரியைத் தீர்த்துவிடும், ஆகவே இரவு மட்டும் இயங்கும் அமைப்பு உள்ள மாடலே சிறந்தது. வால்வுக்கு முன் வடிகட்டி வாஷர் போடுங்கள். ஒரு மணல் துகள் சிக்கினால் வால்வு மூடாமல் இரவு முழுதும் ஓடும். குழாயில் தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் இரட்டை வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள், அது விதிப்படி தேவை. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றாவிட்டால், பீய்ச்சும் வட்டத்தைச் சுற்றிப் போக நரி கற்றுக்கொள்ளும்.

அல்ட்ராசோனிக் பெட்டிகளை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. நரிக்கு அந்த ஒலி நன்றாகவே கேட்கும். குறை அதில் இல்லை. உயர் அதிர்வெண் ஒலி இலையையும் பலகையையும் தாண்டாது, தூரம் கூடக் கூட வேகமாகத் தேய்ந்துவிடும். ஜூலையில் அவரைப் பந்தலும் உருளைச் செடியும் நிறைந்த தோட்டத்தில் பெட்டிக்கு முன்னால் உள்ள வெறும் தரை மட்டுமே காக்கப்படும். தீங்கு எதுவும் தொடராத ஒலிக்கு நரி பழகியும்விடும். பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைகளுக்குச் சில மாடல்களின் ஒலி கேட்கவும் செய்யும். சிவப்பாக மினுக்கும் சோலார் விளக்குகளுக்கும் இதே கதை, இன்னும் சீக்கிரமாக.

பழைய பழக்கத்தில் சிலர் ஜெய்ஸ் ஃப்ளூயிட் என்ற கிருமிநாசினி, மரத்துக்குப் பூசும் கிரியோசோட், டீசல், பாச்சை உருண்டை எல்லாம் ஊற்றியும் தூவியும் வைக்கிறார்கள். எதுவும் நரி விரட்டியாக அனுமதிக்கப்பட்டதல்ல. மண்ணையும் பயிரையும் கெடுக்கும், விலங்குக்கு வேதனை தரும். ஒரு காலத்தில் அனுமதியோடு விற்ற ரெனார்டைன் என்ற விரட்டிகூட 2005-இல் திரும்பப் பெறப்பட்டது. ஷெட்டில் பழைய டப்பா கிடந்தால் பயன்படுத்தாமல் கவுன்சிலின் அபாயக் கழிவுப் பிரிவிடம் கொடுங்கள். நரியைப் பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் விடுவதும் உதவி அல்ல. தெரியாத இடத்தில் அது தவிக்கும், இங்கே காலியான எல்லைக்கு வேறு நரி வந்துவிடும்.

ஷெட்டுக்கு அடியில் நரி குடியிருந்தால் மட்டும் நாள்காட்டியைப் பார்த்தே வேலை செய்யுங்கள். குட்டிகள் பெரும்பாலும் மார்ச்சில் பிறக்கும், ஏப்ரல் கடைசியில் வெளியே தலைகாட்டும், கோடையில் தோட்டமெங்கும் விளையாடி ஹோஸைக் கடித்துக் கையுறையைத் தூக்கிப் போகும். அந்த மாதங்களில் வாசலை அடைத்தால் உள்ளே குட்டிகள் மூச்சுமுட்டியோ பட்டினியாலோ சாகும்; அது 1996-ஆம் ஆண்டின் காட்டுப் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகவும் ஆகலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை நல்ல காலம். வாசலில் கசக்கிய செய்தித்தாளையும் சுள்ளியையும் தளர்வாகச் செருகி வையுங்கள். ஐந்தாறு நாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை. அசைந்திருந்தால் காத்திருந்து மறுபடி செருகுங்கள். காலி என்று உறுதியானதும் 16 கேஜ் வலையை ஷெட்டின் அடிச்சட்டத்தில் ஆணியால் அறைந்து, 30 செ.மீ. ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, அங்கிருந்து இன்னும் 30 செ.மீ. வெளிப்பக்கமாக எல் வடிவில் மடக்கி மண்ணை மூடி மிதியுங்கள். மூலைகளில் இரண்டு துண்டுகளும் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். 10 செ.மீ. இடைவெளி கிடைத்தாலே ஒரு நரி உள்ளே போய்விடும்.